பகிர்ந்த கோப்புறையில் 403 பிழை: சாம்பா, என்எஃப்எஸ், எஸ்எஸ்எச்எஃப்எஸ்

இணையதளம் ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடும். பதிவேற்றும் படங்களோ வேறொரு கணினியின் வட்டில் கிடக்கும். அந்த வட்டை சாம்பா, என்எஃப்எஸ், எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்ற பகிர்வு முறைகளில் ஒன்றால் நெட்வொர்க் வழியே மவுண்ட் செய்திருப்பீர்கள், அதாவது சர்வரின் சொந்தக் கோப்புறைபோல் இணைத்திருப்பீர்கள். உங்கள் கணக்கில் எல்லாக் கோப்பும் திறக்கிறது, உலாவியில் மட்டும் 403, அதாவது ‘அணுக அனுமதி இல்லை’ என்ற பிழை. பதிவுக் கோப்பைப் பார்த்தால் 13ஆம் எண் பிழை: அனுமதி மறுப்பு.

உடனே, அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையால் 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுக்காதீர்கள். கண்ட பயனருக்கெல்லாம் எழுதும் உரிமை தருவது ஆபத்து. தவிர, பல நேரம் அது வேலையே செய்வதில்லை. அனுமதியை முடிவு செய்யும் இடம், மவுண்ட் செய்த முறைக்கு ஏற்ப மாறுவதுதான் காரணம்.

எதையும் மாற்றுமுன், சூடோ கட்டளையின் ‘-யூ’ விருப்பத்தால் வெப் சர்வரின் பயனராகவே அந்தக் கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்கிப் பாருங்கள். பிறகு ‘நேம்ஐ -எல்’ கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுங்கள்; வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையின் அனுமதியையும் அது காட்டும். மேல் கோப்புறை ஒன்றில் நுழையும் உரிமை இல்லாவிட்டாலும் இதே பிழைதான் வரும். உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் கோப்புறை 750 அனுமதியோடு (உரிமையாளரும் குழுவும் தவிர மற்றவர் நுழைய முடியாது) உருவாகிறது. அதற்குள் மவுண்ட் செய்தால் வெப் சர்வர் வாசலிலேயே நின்றுவிடும்.

பாதை சரியாக இருந்தால் மவுண்ட் முறைக்கு வருவோம். சாம்பா அல்லது விண்டோஸ் பகிர்வை சிஐஎஃப்எஸ் (லினக்ஸ் இத்தகைய பகிர்வை மவுண்ட் செய்யும் முறை) வழியே இணைக்கும்போது, நீங்கள் காணும் உரிமையாளரும் அனுமதியும் பெரும்பாலும் மவுண்ட் விருப்பங்கள் வரைந்து காட்டும் தோற்றமே. ஒன்றும் குறிப்பிடாமல் ரூட் (நிர்வாகிக் கணக்கு) மவுண்ட் செய்தால் எல்லாம் ரூட்டின் பெயரில், 755 ஆகத் தெரியும்: மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. சிஎச்மாட் பிழை காட்டாமல் முடியும், ஆனால் எதுவும் மாறாது. யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்), கோப்பு மோட், கோப்புறை மோட் (அவற்றின் அனுமதிகள்) ஆகிய நான்கையும், மவுண்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி, கழற்றி மீண்டும் மவுண்ட் செய்வதே தீர்வு. பகிர்வுக்குள் நுழையும் கணக்குக்கு மறுமுனையிலும் எழுதும் உரிமை வேண்டும். இதில் எனக்குள்ள குறை, முழு மவுண்டுக்கும் ஒரே உரிமையாளர் என்பது. பதிவேற்றக் கோப்புறைக்கு மட்டும் எழுத விடுவது கடினம். சேமிப்புக் கணினி விண்டோஸ் என்றால் இதையே கொள்ளுங்கள்.

இரு முனையும் லினக்ஸ் என்றால் என் தேர்வு என்எஃப்எஸ். அனுமதிகள் உண்மையான அனுமதிகள். கோப்புறைக்குக் கோப்புறை வேறுபடுத்தலாம். ஆனால் வழக்கமான அமைப்பில் அது பயனரின் பெயரைப் பார்த்து அனுமதிப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. டெபியன், உபுண்டுவில் வெப் சர்வர் பயனரின் எண் 33. ரெட் ஹேட் குடும்பத்தில் அப்பாச்சி என்ற வெப் சர்வர் பயனரின் எண் 48. உபுண்டுவிலிருந்து ரெட் ஹேட் குடும்பத்து ராக்கி லினக்ஸுக்குத் தளத்தை மாற்றியவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்: கோப்புகள் இன்னும் 33க்கே சொந்தம், 48 அந்நியன். சரிசெய்ய ரூட்டாக நின்று உரிமையாளரை மாற்றினால் அதுவும் மறுக்கப்படும். ரூட் ஸ்குவாஷ் இயல்பாகவே இயங்குவதால் உங்கள் ரூட், மறுமுனையில் 65534 என்ற யாருமற்ற பயனராகிவிடுகிறார். அந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். சேமிப்புக் கணினிக்கே போய் அங்கே உரிமையாளரை மாற்றுங்கள். பகிர்வு வெப் சர்வருக்கு மட்டுமே என்றால், சேமிப்புக் கணினியின் ஏற்றுமதி வரியில் (எந்தக் கோப்புறையை யாருக்குப் பகிர்வது என்று சொல்லும் வரி) ஆல் ஸ்குவாஷ் (எல்லாப் பயனரையும் ஒரே எண்ணாக்கும் விருப்பம்) கொடுத்து, அனான்யூஐடி, அனான்ஜிஐடி இரண்டிலும் வெப் சர்வரின் எண்களை இடலாம். அப்போது யார் எழுதினாலும் கோப்பு வெப் சர்வரின் பெயரிலேயே விழும். சாம்பா கடவுச்சொல் கேட்கும். என்எஃப்எஸ்ஸோ எண்ணைச் சொன்னால் நம்பிவிடும். ஆகவே ஏற்றுமதியைக் குறிப்பிட்ட ஐபி முகவரிக்கு மட்டும் திறங்கள்.

எஸ்எஸ்எச் இணைப்பின் வழியே மவுண்ட் செய்யும் எஸ்எஸ்எச்எஃப்எஸ் அமைக்க மிக எளிது, ஆனால் மவுண்ட் செய்த பயனரைத் தவிர ரூட்டுக்குக்கூடக் கதவைத் திறக்காது. ‘அலவ் அதர்’ விருப்பம் சேர்க்கும்வரை 777 இருந்தும் பயனில்லை. சாதாரணப் பயனர் அதைச் சேர்க்க, எஸ்எஸ்எச்எஃப்எஸ் சார்ந்திருக்கும் ஃபியூஸின் அமைப்புக் கோப்பிலும் அனுமதி வேண்டும். சோதனைத் தளத்துக்குப் போதும். நேரடித் தளத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரெட் ஹேட் குடும்பத்தில் இவை யாவும் சரியாக இருந்தும் தடை தொடர்ந்தால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைப் பாருங்கள். வெப் சர்வர் என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ், ஃபியூஸ் மவுண்டுகளைத் தொட அதில் தனித்தனி சுவிட்சுகள் உண்டு. செட்எஸ்இபூல் கட்டளையில் ‘-பி’ (ஆங்கிலப் பெரிய எழுத்து P) சேர்த்து உரியதை மட்டும் இயக்குங்கள். சேர்க்காவிட்டால் மறுதொடக்கத்தோடு அந்த மாற்றம் போய்விடும்.