மௌனமா, பேச்சா: லயத்துப் பிள்ளைகளுக்கு எது காவல்?

இலங்கையின் மலையகத்தில், நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், பாலுறவைப் பற்றி வாய் திறக்காமல் பெண்பிள்ளையைக் கண்காணிப்பதே மானம் என்ற பழைய வழி இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. பெண்பிள்ளை பூப்பெய்தியதும் ஊரழைத்துச் சடங்கு வைப்பவர்கள்கூட, உடலில் நிகழ்ந்தது என்னவென்று அந்தப் பிள்ளைக்கு விளக்குவதில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போகிறவளுக்கு இந்த மௌனம் எந்தத் துணையும் தராது. அத்துமீறல் நடந்தால் அதைச் சொல்லும் சொற்களையும் பறித்து, பழியை அவள் மேலேயே சுமத்துகிறது.

தாயும் ஆசிரியரும் குடும்பநல உத்தியோகத்தரும் வெளிப்படையாகப் பேசும் புதிய வழி பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறேன், ஏற்கவில்லை. இலங்கைச் சட்டங்களின் 1995ஆம் ஆண்டுத் திருத்தங்களின்படி பாலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது 16, பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 என்று அறிந்த பிள்ளைக்குத்தான் மறுக்கவும் முறையிடவும் துணிவு வரும். ஆண்பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேச இந்த வழியில் மட்டுமே இடமுண்டு.