ஃபுட்பால் மேனேஜர் 2024: வேலையில்லாத மேனேஜராக ஆரம்பியுங்கள்

கோத்தகிரியில் பள்ளிப் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். ஃபுட்பால் மேனேஜர் 2024, நாமே ஒரு கால்பந்து கிளப்பின் மேனேஜராக இருந்து அணியை நடத்தும் கம்ப்யூட்டர் கேம். இந்த கேமை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நேராக மான்செஸ்டர் சிட்டி என்ற பெரிய கிளப்பை எடுத்துவிடுகிறார்கள். அதில் ருசி கம்மி. கையில் கிளப்பே இல்லாமல் தொடங்கி, இங்கிலாந்துக் கால்பந்தின் நாலாம் அடுக்கான லீக் டூவில் வேலை தேடுங்கள்.

அங்கே 24 அணிகள். கடைசி இரண்டும் கீழ் அடுக்கான நேஷனல் லீக்குக்கு இறங்கவேண்டும். அந்தப் பயத்தில் சீசன் பாதியிலேயே மேனேஜர் நாற்காலிகள் காலியாகும். விண்ணப்பித்தால் நேர்காணல்: எந்தப் பாணியில் ஆடவைப்பீர்கள், இருக்கிற உதவியாளர்களை வைத்துக்கொள்வீர்களா, சம்பள பட்ஜெட் போதுமா? வாய்க்கு வந்ததை வாக்குக் கொடுத்தால் நிர்வாகம் பிறகு அதையே பிடித்துக்கொண்டு கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நிஜமும் இப்படித்தான். அப்போது லீக் டூவில் இருந்த ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கிளப் 2023 ஜூலையில் ஹானா டிங்லியைத் தற்காலிகப் பொறுப்பில் அமர்த்தியது. இங்கிலாந்தில் ஆண்கள் தொழில்முறை அணியை நடத்திய முதல் பெண் அவர். பிறகு டேவிட் ஹார்ஸ்மேன். டிசம்பரில் ட்ராய் டீனி. ஆறு ஆட்டத்தில் ஒரு வெற்றியும் இல்லை, ஜனவரியிலேயே அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஸ்டீவ் காட்டரில் வந்தும் கடைசி இடம்தான். பாவம், அந்த ஊர் ரசிகர்கள்.

காற்றுமழையில் மரம் விழுந்து நெட் போனாலும் கேம் வாங்கி ஆடும் தளமான ஸ்டீமின் ஆஃப்லைன் மோடில் இது ஓடுகிறது. பழைய லேப்டாப் என்றால் ஆட்டத்தை 2டியில் பாருங்கள், திணறாது.