பூங்கா நிலத்தில் எதை வளர்ப்பது: கார்பெட் புல்லா, குறுங்காடா, நாட்டுப் புல்வெளியா?

கும்பகோணத்தின் விளிம்பில் உள்ள எங்கள் மனைப்பிரிவில், பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட கால் ஏக்கர் நிலம் நெடுங்காலம் வெறுமனே கிடந்தது. குடியிருப்போர் நலச் சங்கம் அதன் பராமரிப்பை ஏற்றுக்கொண்டபோது மூன்று யோசனைகள் வந்தன. நர்சரியில் பாய் பாயாகக் கிடைக்கும் கொரியன் புல்லை, அதாவது கார்பெட் புல்லை, விரிக்கலாம் என்றனர் சிலர். மியாவாக்கி முறையில் குறுங்காடு வளர்க்கலாம் என்றனர் வேறு சிலர். இந்த மண்ணுக்குரிய புற்களையும் பூண்டுகளையும் மீட்டுப் புல்வெளி அமைக்கலாம் என்பது மூன்றாவது யோசனை. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். இதே கேள்வி தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துச் சங்கங்களின் முன்னும் இருப்பதால், மூன்றையும் அருகருகே வைத்து எழுதுகிறேன். என் சாய்வு நாட்டுப் புல்வெளியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்பெட் புல்லின் நிறை குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. விரித்த மறுநாளே பச்சையாகத் தெரியும், குழந்தைகள் விளையாடலாம், முதியோர் உட்காரலாம். ஆனால் நம் கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். கால் ஏக்கர் என்பது ஏறத்தாழ 1000 சதுர மீட்டர். அதாவது பங்குனி தொடங்கி வைகாசி முடியும்வரை நாள்தோறும் 5000 லிட்டர். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று ஊரே காத்திருக்கும் மாதங்களில் ஆழ்குழாய் நீரை இவ்வாறு செலவழிப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐப்பசி அடைமழையில் களிமண் தரையில் நீர் தேங்கினால் அதே புல் மஞ்சளித்து அழுகவும் செய்கிறது.

குறுங்காட்டை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய இம்முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்றுகள் வரை நெருக்கமாக நடப்படுகின்றன. மண்ணை ஆழமாகத் தோண்டி மட்கிய உரம் கலந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றிக் களை எடுத்தால், அதன் பிறகு அது தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. குப்பை கொட்டும் இடமாக மாறிவிட்ட மூலை நிலத்துக்கு இதைவிடச் சிறந்த தீர்வு எனக்குத் தெரியவில்லை. நிழல் என்ற ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுப்பவர்களோடும் நான் வாதிட மாட்டேன். இருந்தும் எங்கள் நிலத்துக்கு அது பொருந்தவில்லை என்று முடிவு செய்தோம். அடர்ந்த காட்டுக்குள் யாரும் நடமாட முடியாது. மாலையில் நடைப்பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு மறுபக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மரங்கள் சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்த உறவினர்கள் பலருக்கும் உண்டு. வீட்டுச் சுவரை ஒட்டி மரக்கூட்டம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

நாட்டுப் புல்வெளி என்றதும், நெல் விளையும் காவிரிப் படுகையில் அது எங்கே இருந்தது என்ற கேள்வி எழும். மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கோடியக்கரை. வெளிமான்களுக்காக 1967இல் அமைக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தில் உலர் பசுமைமாறாக் காட்டோடு இயற்கையான புல்வெளியும் இருக்கிறது. அதைச் சீமைக் கருவேலம் தின்றுகொண்டு வருவதும் அங்கு போனவர்கள் அறிந்ததே. மற்ற இடங்களில் வயல் வரப்பு, வாய்க்கால் கரை, கொள்ளிடத்துப் படுகை, மந்தைவெளி, மேய்க்கால் புறம்போக்கு ஆகியவற்றில் துண்டு துண்டாகப் புல் இனங்கள் தங்கியிருக்கின்றன. எங்கள் பூங்கா நிலம் ஆதியில் புல்வெளியாக இருந்தது என்று நான் உரிமை கோரவில்லை. அது ஒரு தலைமுறைக்கு முன்புவரை நஞ்சை. அதன் வரப்புகளில் இருந்தவற்றை வரப்புகள் மறைந்த பிறகும் அங்கே வாழவைக்கும் முயற்சியாகவே இதைப் பார்க்கிறேன்.

இத்தகைய பணிக்கு முன்மாதிரி அமெரிக்காவின் பிரெய்ரிப் புல்வெளி மீட்பு. இலினாய் மாநிலத்தில் ஒரு காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட நிலம் பிரெய்ரியாக இருந்தது. சிதையாமல் எஞ்சியது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினின் மேடிசன் நகரில், பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டத்தில், பழைய பண்ணை நிலம் ஒன்றை 1930களில் மீண்டும் பிரெய்ரியாக்கத் தொடங்கினார்கள். கர்ட்டிஸ் பிரெய்ரி என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. சிகாகோவிலோ 1977 முதல் தன்னார்வலர்களே விதை பொறுக்கி, அயல் புதர்களை வெட்டி, நகரத்தை ஒட்டிய காப்பு நிலங்களில் பிரெய்ரியை மீட்டார்கள். ஆனால் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு கொதித்த குடியிருப்பாளர்களின் எதிர்ப்பால், 1996இல் குக், டுபேஜ் ஆகிய கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) அந்தப் பணி நிறுத்திவைக்கப்பட்டது. பணி செய்தவர்களுக்குத் தாவரங்களைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெறுவதில்தான் குறை இருந்தது. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதை நான் விரிவாகச் சொன்னேன். அங்கே புதரும் மரக்கன்றும் மண்டாமல் இருக்கப் புல்வெளியைக் குறித்த இடைவெளிகளில் திட்டமிட்டு எரிக்கிறார்கள் என்பதையும், வீடுகள் நெருங்கிய நம் ஊரில் அதற்கு இடமே இல்லை, நெருப்பு செய்யும் வேலையை அரிவாள்தான் செய்ய வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்தோம்.

இனி மூன்றையும் பிரிக்கும் உண்மையான கோடான பராமரிப்புக்கு வருகிறேன். தொடக்கச் செலவைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பலர். ஆனால் பூங்காக்கள் பாழாவது இரண்டாம் ஆண்டில், ஆள் இல்லாமல்தான். ஆகவே எந்த வேலை, எந்த மாதத்தில், யாருடைய கையால் நடக்கும் என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

கார்பெட் புல்லுக்கு ஆண்டு முழுதும் ஓர் ஆள் வேண்டும். குறுங்காட்டுக்கு முதல் சில ஆண்டுகள் இடைவிடாத கவனம், பிறகு ஏதும் இல்லை. நாட்டுப் புல்வெளிக்கோ முதல் இரண்டு மழைக்காலங்களில் களையெடுப்பு, அதன் பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை அறுப்பு. இந்த இரண்டு வேலைகளிலும் தேர்ந்தவர்கள் காவிரிப் படுகையில் இருப்பதுபோல் வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகம். நடவுக்கும் களைக்கும் போய்ப் பழகிய பெண்கள், இரண்டு இலை விட்ட நிலையிலேயே நெல்லையும் புல்லையும் பிரித்தறிபவர்கள். பார்த்தீனியம் என்ற அயல் களையின் இளஞ்செடியையும் அதைப் போன்றே இலை பிளந்த மற்றச் செடிகளையும் நான் படம் பார்த்துத் தடுமாறிய இடத்தில், அவர்கள் குனிந்த நிலையில் நடந்துகொண்டே பிடுங்கிப் போட்டார்கள். அவர்களைத் தன்னார்வலர்களாக அழைக்காமல், வயல் வேலைக்கு உரிய கூலி கொடுத்தே அழைத்தோம். சங்கத்தின் செலவில் இதுவே முறையானது என்று கருதுகிறேன். பார்த்தீனியம் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் கையுறை கட்டாயம். பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடவும் வேண்டும், ஏனெனில் ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். சீமைக் கருவேலங்கன்று, உண்ணிச்செடி, கினியாப்புல் ஆகியவற்றை வேரோடு எடுக்க வேண்டும். கோரையை மட்டும் ஒழிக்க முனைய வேண்டாம். முதல் ஆண்டில் அது நிலம் முழுவதையும் பிடித்துக்கொண்டதுபோல் தோன்றும். நிழலைத் தாங்காத இனம் ஆகையால், உயரமான புற்கள் எழுந்ததும் தானே ஒடுங்கும்.

அறுப்பில் இன்னொரு கணக்கு உண்டு. விதை முற்றிய பிறகே அறுக்க வேண்டும் என்றால் அது தை, மாசியில் வருகிறது. அதுவோ சம்பா அறுவடைக் காலம். கூலிக்கு ஆள் கிடைப்பது அரிது, வைக்கோலும் மலிவு, ஆகவே அறுத்த புல்லை மாட்டுக்காரர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். நாங்கள் நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். சாலையை ஒட்டிய பாதியை மாசி முடிவில், அறுவடை ஓய்ந்ததும் அறுக்கிறோம். காய்ந்த புல்லில் எவரேனும் பீடி நெருப்பைப் போட்டுவிடக்கூடும் என்பதால் அப்பகுதியைக் கோடைக்கு விட்டுவைப்பதில்லை. உட்பகுதியை ஆனியில், பச்சைத் தீவனம் கிடைக்காத நேரத்தில் அறுக்கிறோம். அப்போது மாடு வைத்திருப்பவர்களே வந்து அறுத்துச் சுமந்து போகிறார்கள், கூலிச் செலவும் இல்லை. ஒரு பாதி எப்போதும் நிற்பதால் பூச்சிகளுக்கும், புல்விதை தின்ன வரும் சில்லைகளுக்கும், புல்லிடையே கூடு கட்டும் கதிர்க்குருவிகளுக்கும் ஒதுங்க இடம் இருக்கிறது. கருக்கரிவாளால்தான் அறுக்கச் சொல்கிறோம். நைலான் நூல் சுழலும் மெஷின் புல்லைச் சிதைத்துத் தூளாக்குவதோடு, கிடக்கும் பிளாஸ்டிக்கையும் நறுக்கி அதோடு கலந்துவிடுகிறது. அந்தப் புல்லை மாட்டுக்குப் போட முடியாது. அறுப்புக்கு முந்தைய நாள் பிளாஸ்டிக் பொறுக்குவதைப் பள்ளிப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்ப்பு வந்தது அழகு குறித்தும் பாம்பு குறித்தும்தான். கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் வயல்வெளியில் இயல்பாக இருக்கும் நம் பகுதியில் இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. வீட்டுச் சுவர்களை ஒட்டியும் நடைபாதையின் இருபுறமும் அகலமாக ஒரு பட்டையை அருகம்புல்லாகவே விட்டு, கணுக்காலுக்குக் கீழே குட்டையாக வைத்திருக்கிறோம். எலி சேரக்கூடிய செங்கல் குவியலையும் குப்பையையும் முழுக்க அகற்றினோம்; இருட்டிய பிறகு உயரமான புல்லுக்குள் எவரும் போகக் கூடாது என்பது விதி. ஆபத்து முற்றிலும் நீங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகள் விளையாடும் இடத்தை முழுமையாகத் தனியே பிரிக்க வழியில்லாத சிறு பூங்காக்களுக்கு உயரமான புல் வேண்டாம். ஒழுங்காக வெட்டிய அந்த விளிம்புப் பட்டை அழகு பற்றிய புகாரையும் பெரிதும் தணித்தது. புதர் மண்டிக் கிடக்கிறது என்று சொன்னவர்கள், இது வேண்டுமென்றே வளர்க்கப்படுகிறது என்பதை அந்த விளிம்பைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். எந்த மாதம் அறுப்பு என்று எழுதிய பலகையையும் வாயிலில் வைத்தோம்.

இனங்களைத் தேர்வதில் மேடு பள்ளத்தைப் பார்ப்பது முக்கியம். நீர் தேங்கும் தாழ்வில் பொடுதலையும் வல்லாரையும், வடிகால் ஓரத்தில் வெட்டிவேரும், மேட்டில் கொழுக்கட்டைப்புல்லும் நின்றன. கொழுக்கட்டைப்புல்லைப் பள்ளத்தில் விதைத்தால் தேங்கிய நீரில் போய்விடும். இடையிடையே கொழுஞ்சி, தும்பை, துத்தி, ஆவாரை, தரையோடு படரும் சிறுபுள்ளடி, விஷ்ணுகிராந்தி. தீவனப் புல்தானே என்று கம்பு நேப்பியரைக் கொண்டுவர ஒருவர் முன்வந்தார். அது நம் இனம் அல்ல, வந்தால் மற்றவற்றுக்கு இடம் விடாது. ஏரி வண்டல் அடித்து மண்ணை வளப்படுத்தவும் வேண்டியதில்லை, சத்து மிகுந்த மண்ணில் முந்திக்கொள்வது களைதான்.

என் அனுபவம் களிமண்ணுக்கும், மனை போடும்போது அதன்மேல் கொட்டிய கிராவலுக்கும் மட்டும் உரியது. வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்து உவர்மணலிலோ, வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டிலோ இதே இனக்கலவையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; அந்தந்த ஊரின் புறம்போக்கில் நிற்பதைப் பார்த்தே தேர வேண்டும். நாங்கள் கண்டிருப்பதும் சில மழைக்காலங்களே. பெரும் வெள்ளம் ஒன்று வந்து வாரக்கணக்கில் நீர் நின்றால் எந்த இனம் தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஆள்நடமாட்டம் மிகுந்த, நிழலே இல்லாத பேருந்து நிலையத்துப் பூங்கா என்றால் நானும் சில மரங்களையே கேட்பேன்.

தொடங்க விரும்பும் சங்கங்கள் ஓராண்டை முன்னதாகவே ஒதுக்க வேண்டும். வரப்பிலும் ஆற்றங்கரையிலும் விதை முற்றுவது மார்கழி, தையில். அப்போது நில உரிமையாளரிடம் கேட்டு, ஓர் இடத்தில் முழுவதையும் உருவாமல் சிறிது சிறிதாகப் பல இடங்களில் சேகரித்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வைக்கலாம். விதைப்பு ஆவணியில், ஐப்பசிக்குத் தள்ளிப்போட்டால் வேர் பிடிக்குமுன் மழை விதையை அடித்துச் சென்றுவிடும். இடைப்பட்ட மாதங்களில் நிலத்தை உழாமல், முளைக்கும் பார்த்தீனியத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பிடுங்கிக்கொண்டிருந்தால், விதைக்கும் நேரத்தில் களையின் பாதிச் சுமை குறைந்திருக்கும்.