எச்5பி-யில் தமிழ்ப் பாடம்: கருவி நல்லதுதான், விடை திருத்துவதில்தான் கண் வேண்டும்

வாரத்துக்கு ஒரு தமிழ் வகுப்பு, மீதி ஆறு நாளும் பிள்ளை வீட்டில் தானாகப் படிக்க வேண்டும். வெளிநாட்டுத் தமிழ் வகுப்புகளில் இதுதான் வழக்கம். அந்த ஆறு நாளுக்குப் பாடம் தயாரிக்க நினைப்பவர் கையில் முதலில் தட்டுப்படும் கருவி எச்5பி. கேள்வி கேட்டு விடை திருத்தும் பயிற்சிகளை உருவாக்க உதவும், நார்வேயில் உருவான இலவசத் திறமூல மென்பொருள் இது. வேர்ட்பிரஸ் இணையதளத்தில் செருகுநிரலாகச் சேர்க்கலாம், மூடுல் என்ற இணைய வகுப்புத் தளத்திலும் ஓடும். தளமே இல்லாதவர்கள் லூமி என்ற இலவசச் செயலியைக் கணினியில் நிறுவிப் பாடத்தை உருவாக்கி, எச்டிஎம்எல் கோப்பாக எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்த கோப்பில் பிள்ளை வாங்கிய மதிப்பெண் ஆசிரியருக்கு வந்து சேராது. அது வேண்டுமென்றால் தளம் வேண்டும்.

பயிற்சி வகைகள் ஏராளம். மொழிப் பாடத்துக்கு அன்றாடம் கைகொடுப்பவை நான்கைந்துதான். அவற்றில் இன்டராக்டிவ் வீடியோவுக்காக மட்டுமே இதை நிறுவலாம். வீடியோ குறிப்பிட்ட நொடியில் நிற்கும், கேள்வி வரும். விடை தவறினால் அந்தச் சொல் பேசப்பட்ட இடத்துக்கே திரும்பப் போகும்படி அமைக்கலாம். பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்து "இன்னொரு தடவை கேளு" என்று சொல்வதற்கு ஏறக்குறைய சமம். முன்னே தாவிப் போகாமல் தடுக்கும் வசதியும் உண்டு. அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. தானாகப் படிப்பவருக்குத் தெரிந்த பகுதியைத் தாண்டிப் போகும் உரிமை இல்லாவிட்டால் மூன்றாம் நாளே பாடத்தை மூடிவிடுவார்.

வசன வரிகள் வேண்டுமென்றால் யூடியூப் இணைப்பைக் கொடுத்துவிட்டு எச்5பி-யில் வரிகளை ஏற்ற முடியாது. வீடியோவை எம்பி4 கோப்பாகவே பதிவேற்றி, வசன வரிகளும் அவை வரும் நேரமும் அடங்கிய வெப்விடிடி கோப்பை யூனிகோடில் சேமித்து இணைக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் வரிகள் வேண்டாம். பேச்சில் "வந்துட்டிருக்கேன்" என்று ஒலிக்கும்போது கீழே "வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஓடினால், பிள்ளை படிப்பானே தவிரக் கேட்கமாட்டான்.

இனி முக்கியமான இடம். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் "சிறு எழுத்துப்பிழைகளை ஏற்றுக்கொள்" என்ற தெரிவு இருக்கிறது. மிகச் சிறிய சொற்கள் நீங்கலாக, ஒன்பது குறிகள் (கணினி எண்ணும் எழுத்துத் துண்டுகள்) வரையுள்ள சொல்லுக்கு ஒரு பிழை, அதற்கு மேல் போனால் இரண்டு பிழை மன்னிக்கப்படும். ஆங்கிலத்துக்கு இது கருணை. தமிழுக்கு வினை. "புலி" நம் கண்ணுக்கு இரண்டெழுத்து. கணினிக்கு ப, உகரக் குறி, ல, இகரக் குறி என்று நான்கு. ஆகவே "புளி" என்று எழுதினாலும் பச்சை விளக்கு எரியும். "அவன் வந்தான்" என்ற இடத்தில் "வந்தாள்" போட்டாலும் ஒரே ஒரு குறிதான் வித்தியாசம், சரி என்றே வரும். "நான் படிக்கிறேன்" என்பதில் வினை பதினொரு குறிகள், அதனால் இரண்டு பிழை செல்லும். "நான் படிக்கிறாள்" என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண்! விகுதியில்தான் திணையும் பாலும் இடமும் இருக்கின்றன என்பது இந்தக் கருவிக்குத் தெரியாது. லகர ளகர ழகரப் பாடம், வினைமுற்றுப் பாடம் இரண்டிலும் இந்தத் தெரிவை அணைத்தே வையுங்கள்.

அணைத்தால் எதிர்ப்பக்கச் சிக்கல் வரும்: சரியான விடை தவறாகும். "ஔவையார்" என்பதை ஔகார உயிரெழுத்தால் எழுதுவோரும் உண்டு, ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டுவோரும் உண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் குறிகள் வேறு. மாற்று விடைகளைச் சாய்கோடு போட்டு அடுக்கலாம் என்பதால் இரண்டு வடிவத்தையும் கொடுத்துவிடலாம். முக்காற்புள்ளி போட்டுக் குறிப்பும் சேர்க்கலாம். விடை இரண்டு உடுக்குறிகளுக்கு (*) நடுவே *அம்மா/தாய்:பெற்றவள்* என்று அமையும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஆவணத்தில் இருந்து விடையை ஒட்டாதீர்கள், தட்டச்சே செய்யுங்கள். அத்தகைய ஆவணங்களில் "கொ" போன்ற எழுத்தின் குறி இரண்டாக உடைந்து கிடப்பதுண்டு.

வேற்றுமை உருபு சொல்லிக்கொடுக்க, சொற்களை இழுத்துப் பொருத்தும் பயிற்சி அருமையானது. சொல்லின் நடுவிலேயே உடுக்குறி போடலாம். "வீட்டு*க்கு*" என்று வெட்டினால் "க்கு" தனி அட்டையாக வரும். ஆனால் "வீட்டில்" என்பதில் "இல்" உருபை மட்டும் பிரிக்கப் பார்த்தால், தாங்க எழுத்தில்லாத இகரக் குறி புள்ளிவட்டத்தோடு தொங்கும். பார்க்கவே அலங்கோலம். "வீட்*டில்*" என்று எழுத்து முடியும் இடத்தில் வெட்டிவிட்டு, புணர்ச்சியைத் தனிக் குறிப்பாகச் சொல்வதே வழி.

டிக்டேஷன், அதாவது கேட்டு எழுதும் வகையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு ஒலி கொடுக்கலாம்: இயல்பான வேகம், மெதுவான வேகம். மெதுவானதைத் தனியாகப் பேசிப் பதிவு செய்ய வேண்டாம். மெதுவாகப் பேசச் சொன்னால் யாராயிருந்தாலும் பேச்சுத் தமிழை விட்டு மேடைத் தமிழுக்கு ஏறிவிடுவார்கள். இயல்பாகப் பேசியதையே ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தச் செயலியில் டெம்போவை (வேகத்தை) மட்டும் 20 சதவீதம் குறைத்து எடுங்கள், குரலின் சுருதி மாறாது. ஒற்றைத் தடத்தில், 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். நிமிடத்துக்கு அரை எம்பி-க்கும் குறைவு. இரைச்சல் நீக்கத்தை அதிகம் ஏற்றினால் குரல் தகரமாகி, ழகரம் ளகரம் இரண்டும் ஒன்றாகக் கேட்கும்.

பேச்சு வடிவத்தை எழுதச் சொல்லி டிக்டேஷன் வைப்பது அநியாயம். "வந்துட்டிருக்கேன்", "வந்துகிட்டிருக்கேன்", இடம்விட்டு ஒன்று, விடாமல் ஒன்று. நிலையான எழுத்தே அதற்கில்லை. ஒலியைக் கேட்டு எழுத்து வழக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

உச்சரிப்புக்கு ஆடியோ ரெக்கார்டர். பிள்ளை தன் குரலைப் பதிந்து தானே கேட்கலாம், கோப்பாக இறக்கலாம். ஆசிரியருக்குத் தானாகப் போகாது. தளம் பாதுகாப்பான (https) இணைப்பில் இல்லாவிட்டால் உலாவி ஒலிவாங்கியைத் திறக்காது.

சொல் மனப்பாடத்துக்கு எச்5பி-யை நம்பாதீர்கள். அதிலுள்ள டயலாக் கார்ட்ஸ் என்ற இருபக்கச் சொல் அட்டைகள் அந்த நேரத்துக்குச் சரி. நாலு நாள் கழித்து மறக்கும் தறுவாயில் திரும்பக் கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. அதற்கு அங்கி (Anki) என்ற அட்டைச் செயலி இருக்கிறது.

வேர்ட்பிரஸ் பயனர்கள், பாதியில் விட்ட பாடம் விட்ட இடத்திலிருந்து தொடர "நிலையைச் சேமி" தெரிவை அமைப்புகளில் இயக்க வேண்டும். பொத்தான்களின் பெயரை ஒவ்வொரு பயிற்சியின் அடியிலும் மாற்றலாம். "சரிபார்", "மறுபடி முயல்" என்று ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த பயிற்சிக்கு அதையே படியெடுத்துக்கொண்டால் வேலை மிச்சம். வெளியிடுமுன் சரியான விடையைப் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு கோடிட்ட இடத்திலும் வேண்டுமென்றே ஒரு பால் மாறிய விகுதியையும் ஒரு ல-ள குழப்பத்தையும் தட்டிப் பாருங்கள். பச்சை எரிந்தால் அந்தப் பயிற்சியைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.