இரண்டரை வயதில் இசை: பாட்டு கிளாஸா, குட்டி வயலினா, கீபோர்டா, வீட்டுக் கேள்வி ஞானமா?

இரண்டரை வயதுக் குழந்தை எங்கோ கேட்ட பாட்டின் ஒரு வரியைச் சுருதி விலகாமல் திருப்பிப் பாடிவிட்டால் போதும், வீட்டில் ஆலோசனைக் கூட்டம் கூடிவிடும். "வர்ற விஜயதசமிக்குப் பாட்டு கிளாஸ்ல சேர்த்துடு" என்பார் பாட்டி. "ஒரு கீபோர்டு வாங்கிப் போடு" என்பார் மாமா. சுசுகி வயலினைப் பற்றி எங்கோ படித்துவிட்டு அப்பா வேறு வருவார். என் ஓட்டு எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாலரை, ஐந்து வயது வரை வீடுதான். ஆனால் மற்றவற்றிலிருந்தும் வீட்டுக்கு எடுத்துவர விஷயம் உண்டு.

முதலில் பாட்டு கிளாஸ். பாடத்திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பிறகு கீதம். சரளியின் முதல் வரிசையே ச-வில் தொடங்கி மேல் ச வரை ஏறி இறங்குகிறது, அதாவது முழு ஒரு ஸ்தாயி. இந்த வயதுக் குழந்தையின் குரல் சிரமமில்லாமல் உலாவும் இடம் பெரும்பாலும் ஐந்தாறு சுர அகலம்தான். மேல் ச-வைத் தொட அது கத்தித்தான் ஆகவேண்டும். தாளமும் அப்படியே. ஆதி தாளத்தில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று தனித்தனியாக எண்ண வேண்டும். சட்டைப் பொத்தானையே போடத் தெரியாத விரல்கள் அவை. காது நன்றாக இருந்தும் தொண்டையும் விரலும் ஒத்துழைக்காததால் "உனக்கு வரலை" என்று ஆகிவிடுகிறது. அனுபவமுள்ள பல ஆசிரியர்கள் "அஞ்சு வயசாகட்டும்" என்று திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அக்காவோ அண்ணனோ கற்கும் வகுப்பில் ஓரமாக விளையாடிக்கொண்டே கேட்கும் குழந்தைக்கு நிறைய ஒட்டிக்கொள்ளும். அதற்கு அட்மிஷன் தேவையில்லை.

குட்டி வயலின் இதைவிடச் சுவாரசியமான போட்டியாளர். ஜப்பானின் ஷினிச்சி சுசுகி (1898–1998) வகுத்த முறையில் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பதினாறில் ஒரு பங்கு என்ற அளவில் வயலினே கிடைக்கிறது. குழந்தை தாய்மொழியை எப்படிக் கேட்டுக் கேட்டுப் பேசுகிறதோ அப்படியே இசையும் வர வேண்டும் என்பது அவர் வாதம். அதனால் தினமும் ஒரே பாடல்களைக் கேட்க வைப்பார்கள், நொட்டேஷன் வாசிப்பது பிறகுதான். இவ்வளவும் நாம் கேள்வி ஞானம் என்று சொல்வதுதான். பலர் கவனிக்காத பகுதி வேறு: வகுப்பில் பெற்றோரும் உட்கார வேண்டும், ஆரம்பத்தில் அம்மாவோ அப்பாவோ தாமே கொஞ்சம் வாசிக்கக் கற்க வேண்டும், வீட்டுப் பயிற்சியும் அவர்கள் பொறுப்பு. அலுவலகம் முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு இது நடக்காத காரியம். முறையாகப் பயிற்சி பெற்ற சுசுகி ஆசிரியர் நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பதும் இல்லை. கர்நாடக வயலினுக்குப் போனால், "முதல்ல கொஞ்சம் பாடட்டும்" என்ற பதிலே பெரும்பாலும் வரும்.

காது முந்தி, கருவி பிந்தி என்பதற்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸைவிட நல்ல சாட்சி இல்லை. அப்பாவின் மாண்டலினை அவர் எடுத்தது ஆறு வயதில். அவருடைய குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டுக் கம்பியில் கொண்டுவருவான். பால மேதை என்று ஊரே கொண்டாடியவருக்கே கருவி ஆறு வயதில்தான் கைக்கு வந்தது. நம் வீட்டுக் குழந்தைக்கு இரண்டரையில் என்ன அவசரம்?

கீபோர்டு விளையாட்டுச் சாமானாக நல்லதுதான். தட்டினால் சரியான சுரம் வரும், குழந்தைக்கு உடனே சந்தோஷம். ஆனால் சுரத்தைத் தேடிப் பிடிக்கிற வேலையை அது குழந்தைக்குக் கொடுப்பதில்லை, சுரத்தை அசைத்து வளைக்கும் கமகமும் அதில் வராது. டெமோ பட்டனைக் கண்டுபிடித்துவிட்டால் கச்சேரி முழுக்க மெஷின் கையில். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்து அதோடு சேர்ந்து 'ஆ' என்று பாட வைக்கலாம், அது உருப்படியான உபயோகம். ஒலியைக் குறைத்து வையுங்கள். மொபைலில் பாட்டு வீடியோ பற்றி அதிகம் பேச வேண்டாம்: இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டுக்குத் திரை எதற்கு, ஸ்பீக்கர் போதுமே.

சரி, வீட்டில் என்ன செய்வது? தினமும் யாராவது ஒருவர் பாட வேண்டும். தாலாட்டு, நிலாப் பாட்டு, சின்னச் சின்ன நாமாவளி எல்லாம் பெரும்பாலும் அந்த ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கும். அப்பாவின் கட்டைக் குரலைவிட அம்மா, அக்கா குரலோடு சேர்ந்து பாடுவது சின்னக் குழந்தைக்கு எளிது. பாதி வரியில் நிறுத்திவிட்டு மீதியை அதற்கு விடுங்கள். பாடவில்லையென்றால் நீங்களே முடித்துவிட்டு மேலே போங்கள். மாடிப்படி ஏறும்போது தகிட தகிட, இறங்கும்போது தகதிமி. விரல் எண்ணாமலே மூன்று, நான்கு எண்ணிக்கைத் தாளம் உடம்பில் ஏறிவிடும். வீட்டில் யாருக்குமே பாட வராதா? கோயில் நாதஸ்வரம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு மார்கழியில் சபாக்களின் இலவசப் பகல் கச்சேரிகள் இருக்கின்றன. கடைசி வரிசையில் உட்காருங்கள், குழந்தை நெளிந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இந்த வழிக்கும் ஒரு ஆபத்து உண்டு, அது விருந்தாளி வடிவில் வரும். "மாமாவுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு." வகுப்பில் சேர்க்காமலேயே குழந்தையை நெருக்க இந்த ஒரு வாக்கியம் போதும். பாடினால் மிட்டாய், பாடாவிட்டால் "நேத்து நல்லா பாடினானே" என்று ஒரு முகச்சுளிப்பு, நடுவில் ஃபேமிலி குரூப்புக்கு வீடியோ. கொஞ்ச நாளில் அந்தப் பாட்டையே குழந்தை கைவிட்டுவிடும். தானாகப் பாடும்போது போனை எடுக்காமல் இருப்பது பெரியவர்களுக்குத்தான் கஷ்டமான சாதகம்.

வகுப்புக்கு நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ஒரு முழுப் பாட்டைத் துணையில்லாமல் பாடுகிறது, தப்பினால் தானே நிறுத்தித் திருத்துகிறது, கால் மணி நேரம் ஓரிடத்தில் உட்காருகிறது. இந்த மூன்றும் சேர்ந்தபின் ஆசிரியரைத் தேடலாம். முதல் நாள் அவர் எந்தச் சுருதியில் தொடங்குகிறார் என்று கவனியுங்கள். குழந்தையைப் பாடவிட்டுக் கேட்டு, அதற்கேற்ற சுருதியை வைக்கிறவராக இருந்தால் ஃபீஸைப் பற்றிப் பேசலாம்.