பதிமூணு கண் பாலத்துக்கு எது ஆழம் தரும்: போட்டோஷாப்பா, கிம்ப்பா?

செங்கோட்டை, தென்காசி ஸ்டுடியோக்காரர்கள் கல்யாண ஜோடிகளை அழைத்துப்போகும் இடங்களில் கேரளத்துக் கழுதுருட்டியின் பதிமூணு கண் பாலத்துக்குத் தனி மவுசு. ஆரியங்காவு தாண்டி, 1904-ல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம் – செங்கோட்டைப் பாதையில் இருக்கும் கல் பாலம் அது. நேரில் வளைவுகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போகும், பின்னால் மலை எழும்பும். படத்தில் எல்லாம் தட்டையாகிவிடும்.

இதைச் சரிசெய்யப் பலரும் முதலில் கை வைப்பது டிராப் ஷேடோவிலும் (உருவத்துக்குப் பின்னால் விழும் நிழல்) பெவலிலும்தான் (ஓரத்தைப் புடைப்பாகக் காட்டுவது). படம் திருத்தும் மென்பொருள்களான போட்டோஷாப், கிம்ப், பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியா மூன்றிலும் இவை உண்டு. பிளெக்ஸ் எழுத்துக்கு அழகு. மனிதர்களுக்குப் போட்டால் வெட்டி ஒட்டிய அட்டை மாதிரி நிற்பார்கள்.

உண்மையான போட்டி தூரத்துக்கேற்ற மங்கலில்தான். போட்டோஷாப்பின் நியூரல் பில்டர்கள் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் உள்ள டெப்த் பிளர், எது கிட்டே எது எட்டே என்று தானே கணித்துவிடும். ஆனால் தலைமுடி, முந்தானை ஓரங்களில் அடிக்கடி தடுமாறும். அதனால் டெப்த் மேப்பை (தூரத்தைச் சாம்பல் நிற அளவுகளில் காட்டும் படம்) மட்டும் எடுத்து, பிரஷ்ஷால் திருத்தி, ஆல்பா சேனலாக (படத்தோடு சேர்த்து வைக்கும் கூடுதல் சாம்பல் நிறப் பதிவு) லென்ஸ் பிளர் என்ற மங்கலாக்கும் பில்டருக்குக் கொடுங்கள். ஜோடியின் உருவத்துக்கும் அவர்கள் காலடித் தரைக்கும் ஒரே சாம்பல் நிறம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தரத்தில் மிதப்பார்கள். இன்னொன்று, புடவையின் நிறம் பின்னணியில் கசியும். ஜோடியைத் தனி லேயருக்கு (அடுக்குக்கு) மாற்றி, கீழே அவர்கள் நின்ற இடத்தைச் சுற்றியுள்ளதைக்கொண்டு நிரப்பிவிட்டு, அப்புறம் மங்கலாக்கினால் அந்தக் கசிவு இருக்காது.

கிம்ப்பில் தானாக மேப் போட்டுத் தரும் வசதி உள்ளுக்குள் இல்லை. தூணுக்குத் தூண் சாம்பல் நிறத்தை மாற்றி நாமே வரைந்து, இடத்துக்கு இடம் மங்கலின் அளவை மாற்றும் வேரியபிள் பிளருக்குக் கொடுக்க வேண்டும். பொறுமை வேண்டும். ஆனால் காசு வேண்டாம், போட்டோஷாப்புக்கோ சந்தா கட்டியாக வேண்டும்.

சரி, இவ்வளவு சொன்னாலும், மலையடிவாரப் படங்களுக்கு மங்கலைவிட மூட்டம்தான் ஆழம் தருகிறது என்பது என் திடமான எண்ணம். தூரத்து மலை வெளிறி, நீலம் பாரித்துத் தெரிவது இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால். கண்ணுக்குத் தூரத்தைச் சொல்வது அந்த வெளிறல். மேலும், பாலத்துக்காகவே மலையேறி வந்தவர்களிடம் மங்கலில் பாலமே தெரியாத படத்தைக் கொடுக்கலாமா? மங்கலைக் குறைவாக வைத்து, வெளிர்நீல லேயர் ஒன்றை மாஸ்க்குடன் (எங்கே எவ்வளவு தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) போடுங்கள். முன் வளைவுகளில் வேண்டாம், கடைசி வளைவுகளில் லேசாக, மலையில் தாராளமாக. டெப்த் பிளரில் ஹேஸ் என்று ஒரு ஸ்லைடரும் இருக்கிறது, ஆனால் கையால் போடுவதில்தான் கட்டுப்பாடு அதிகம். அதைக் கிம்ப்பிலும் அதே தரத்தில் செய்யலாம்.

ஆல்பம் ஆல்பமாக வேலை குவியும் கடைக்குப் போட்டோஷாப்பின் வேகம் தேவைதான். சுவரில் மாட்ட ஒன்றிரண்டு படம் என்றால் கிம்ப் போதும். உச்சி வெயிலில் எடுத்த படத்துக்கு மட்டும் மூட்டம் போடாதீர்கள். காலடி நிழல் கன்னங்கரேலென்று விழுந்திருக்க, மலை மட்டும் பனியில் நின்றால் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.