"முதல் சார்ஜ் எட்டு மணி நேரம் போட்டீங்களா?" என்று கேட்டால் உஷார்

வாரண்டி முடியாத என் போனின் பேட்டரிக்கு என்னிடமே பணம் வாங்கிவிட்டார்கள். அதற்குச் சொன்ன காரணம் அப்பட்டமான பொய். உங்களிடமும் இதையே சொல்லக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

போனின் பின்மூடி ஒரு ஓரமாக எழும்பியிருந்தது, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மேசையில் வைத்தால் ஆடியது. பேட்டரி உப்பிவிட்டது என்று பார்த்தாலே தெரியும். வாங்கிய கடையின் சர்வீஸ் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் போனைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "புதுசுல எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டீங்களா?" என்றார். பெட்டியைப் பிரித்ததுமே பயன்படுத்தினேன் என்றேன். "அப்ப வாரண்டி வராதுங்க, தப்பு உங்களுது."

இதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். மறுத்துவிட்டார். வேலைக்குப் போன் இல்லாமல் முடியாது என்பதால் பணத்தைக் கட்டினேன். பில்லில் 'பேட்டரி மாற்றம்' என்று மட்டும் இருக்கிறது, காரணம் எதுவும் இல்லை. தயாரிப்பு நிறுவனத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

எட்டு மணி நேரக் கதை நிக்கல் பேட்டரி காலத்தது. அவற்றுக்கு முதலில் நீண்ட நேரம் சார்ஜ் போடச் சொன்னதில் அர்த்தம் இருந்தது. இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயான், 1991-லேயே விற்பனைக்கு வந்த வகை. அதன் உண்மையான முதல் சார்ஜ் தொழிற்சாலையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அப்புறம்தான் போனுக்குள்ளேயே பொருத்துகிறார்கள். நம் கைக்கு வரும்போதும் ஓரளவு சார்ஜோடுதான் வருகிறது. நிரம்பியதும் உள்ளிருக்கும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். அதற்குமேல் எத்தனை மணி நேரம் செருகி வைத்தாலும் கூடுதலாக எதுவும் ஏறப்போவதில்லை. பேட்டரி உப்புவது உள்ளே வாயு சேர்வதால். அதற்குக் காரணம் சூடு, தயாரிப்புக் குறை, வயது போன்றவை. முதல் நாள் எட்டு மணி நேரம் போடாததால் எந்தப் பேட்டரியும் உப்பாது.

போனைத் திருப்பித் தரும்போது அதே ஆள், "இனிமே ஜீரோ ஆனப்புறம்தான் சார்ஜ் போடணும்" என்று அறிவுரை வேறு சொன்னார். இதுவும் தவறு. அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கவிட்டால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும். இருபது, முப்பது சதவீதத்தில் போடுவதே நல்லது.

வாரண்டி மறுத்தால், வாரண்டி அட்டையில் அந்த நிபந்தனை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பணம் கட்டும் முன்பே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பேசுங்கள். உப்பிய பேட்டரியோடு இருக்கும் போனை அழுத்தி மூடவோ, மறுபடி சார்ஜில் போடவோ வேண்டாம். தீப்பிடிக்கலாம்.